உட்கார மாட்டேன் என்ற மிருகம்

திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். லண்டனில் எங்கள் லாம்பெத் பக்கம் அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் சிடுசிடுவென்றுதான் இருப்போம். அந்த நாளாகப் பார்த்து என் கொழுந்தன் சைலஸ் வந்து நின்றான். காலுறைக் கடை வைத்திருக்கிறவன். ஈரத் தரையில் கால் வைக்க மனசில்லாமல் வாசற்படியிலேயே நின்று தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, வியாழக்கிழமை ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன்."

"யாரை?"

"டாக்டர் லேத்தம்னு. ரொம்ப நல்ல மனுஷர். சும்மா பேசிட்டுப் போவார். நீங்க பயப்படக் கூடாது."

"நான் எதுக்குப் பயப்படணும்? எனக்கென்ன பல்லா வலிக்குது?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரு பல்லு டாக்டர் இல்ல அண்ணி" என்று தொட்டித் தண்ணீரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. டாக்டர் லேத்தம் யாரென்று எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உயரமான மதில் வைத்த வீடு அவருடையது. புத்தி பேதலித்தவர்களை அங்கே சேர்த்துக்கொள்வார். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, வாசலில் ஒரு வண்டி, அவ்வளவுதான் வேலை. எங்கள் தெருமுனை மெழுகுவர்த்திக்காரர் மனைவி, செத்துப்போன மகளோடு பேசுகிறாள் என்று அப்படித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது தலை மொட்டை. இப்போது அவள் மகளோடும் பேசுவதில்லை, வேறு யாரோடும் பேசுவதில்லை. அவள் குணமாகிவிட்டாள் என்று ஊர் சொல்கிறது.

என் கணவர் ஒபதியாவைத்தான் கொண்டுபோகப் போகிறார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே அவர் மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டில் இருப்பவை இல்லை, கண்காட்சிக் கூண்டில் இருப்பவையும் இல்லை. உலகம் உண்டான நாளில் உண்டாகி, இந்தப் பக்கமே வராமல் போய்விட்ட மிருகங்கள்.

அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் விலாங்கு மீன் விற்கிறவர் மகள். ஒபதியா செப்புத் தகட்டில் உளியால் படம் வெட்டி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுக்கிற தொழில்காரர். அந்தத் தொழிலைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றியும் அதிகம் தெரியாது. கல்யாண விருந்தில் சைலஸ் நாலு கோப்பை பீர் போட்டுவிட்டு என் காதில் வந்து, "அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்கங்க அண்ணி, சின்ன வயசுல வேலியில தேவதையைப் பாத்தவன்" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்தான். எனக்கு அன்று ராத்திரி விருந்துச் சாப்பாடே செரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் ஒபதியா மேசையிலிருந்து தலையைத் தூக்கி, தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்: "மிருகம் உக்கார மாட்டேங்குது டார்கஸ். விடிஞ்சதுலேர்ந்து போராடறேன். உக்காரவே மாட்டேங்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் மிருகம் இல்லை, பூனைகூட இல்லை. சைலஸ் சொன்ன தேவதைதான் ஞாபகம் வந்தது. ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது? எங்கள் அப்பா சொல்வார், வாடிக்கைக்காரன் விலாங்கைப் பாம்பு என்றால் ஆமாம் பாம்புதான் என்று சொல்லி விற்றுவிட வேண்டும் என்று. அதனால் நான் போய் முதுகு உயர்ந்த நாற்காலியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டேன். என் முன்கட்டுத் துணியால் அதைத் துடைத்தேன். வெறும் காற்றைப் பார்த்து, "வாங்க ஐயா, உக்காருங்க. அவரு வேலையை முடிக்கணும்ல" என்றேன்.

ஒபதியா வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "உனக்குத் தெரியுதா?"

"ஏன் தெரியாம? என்ன நான் குருடா?"

"எப்படி... எப்படி உக்காந்திருக்கு?"

சோதிக்கிறார் என்று நினைத்தேன். "முன்னங்கால் ரெண்டையும் மடக்கி, தொப்பையை மேல வச்சுக்கிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிச்ச பாதிரியார் மாதிரி உக்காந்திருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்தார். மத்தியானத்துக்குள் படம் முடிந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு புத்தக வியாபாரி நாற்காலி தேடி உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து அதுவே வாடிக்கையாகிவிட்டது. அவர் ‘உக்காரல’ என்பார், நான் நாற்காலி போடுவேன். அவர் கேட்பார், நான் சொல்வேன். தோல் எப்படி, வால் எந்தப் பக்கம், நாக்கு என்ன நிறம். கேள்விகளைப் பார்த்தால் வழக்கில் சாட்சியை விசாரிக்கிற மாதிரி இருக்கும். நான் தப்பாகச் சொன்னால் அவருக்கு மனசு உடைந்துவிடுமோ என்று பயந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு தடவைகூட அவர் ‘இல்லை, தப்பு’ என்று சொன்னதில்லை. ஊரில் பாதிப் பேர் அவரைத் தரிசனம் காண்கிறவர் என்றார்கள், மீதிப் பேர் கழன்ற கேஸ் என்றார்கள். ராஜாவுக்கே பைத்தியம் பிடித்து அரண்மனையில் பூட்டி வைத்திருந்த காலம் அது. நம் வீட்டுக்கு வந்தால் மட்டும் என்ன அதிசயம் என்று நான் என்னைத் தேற்றிக்கொள்வேன்.

டாக்டர் வந்த வருடம்தான் பெரிய படம் ஆரம்பித்தது. சுவர் அகலத்துக்குத் துணி கட்டி, வண்ணம் பூசுகிற படம். மேலே கரையில் அந்தப் பாதிரியார் மிருகம், கீழே தண்ணீருக்குள் சுருண்டு கிடக்கிற கடல் மிருகம். ஒபதியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கஞ்சியை எதிரிலேயே வைத்துவிட்டு அழுதும் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் நாற்காலியைக் காட்டி, "அது என்ன சொல்லுது தெரியுமா? நீங்க கஞ்சி குடிக்காம தூரிகையைத் தொட்டா எழுந்து போயிடுமாம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சொல்லுதா? பேசுதா?"

"ஆமா. நல்ல கோவமா இருக்கு."

கஞ்சி மொத்தமும் குடித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மிருகம் அவரைச் சட்டை மாற்றச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகச் சொன்னது, ஒழுகுகிற கூரையைப் பார்க்கச் சொன்னது. ஒரு தடவை எனக்கு ஒரு புதுத் தொப்பி வாங்கித் தரச் சொன்னது. எல்லாவற்றையும் மறுபேச்சுப் பேசாமல் செய்தார். ஆனால் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவார். மனுஷனுக்கு முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவரிடம் பேச்சை எடுத்தேன்.

"நாளைக்கு ஒரு டாக்டர் வர்றாராம்."

"தெரியும்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் என்ன கேட்டாலும், எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடணும். புரியுதா?"

"ஆமா ஆமா. அதுதான் நல்லது. அப்படியே சொல்லிடு டார்கஸ்."

"‘சொல்லிடு’ இல்லங்க. ‘சொல்லிடறேன்’னு சொல்லுங்க."

"சொல்லிடறேன். நீயும் சொல்லிடு." பிறகு என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "எது நடந்தாலும் நான் தினம் வந்து பாப்பேன்."

யார் யாரை வந்து பார்ப்பது? மதிலுக்கு எந்தப் பக்கம் இருக்கப் போகிறோம் என்றுகூடத் தெரியாமல் பேசுகிறாரே. சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். வெங்காயம் நறுக்கினால் யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

அன்றைக்கே எனக்கு ஒரு உபாயம் தோன்றியது. ஒபதியா எப்படியும் உளறிவிடுவார். அவர் உளறினதும் நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியது. ஒரு ஆள் பார்த்தால் பைத்தியம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் பார்த்தால்? வீட்டில் மிருகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? விலாங்குக்காரன் மகள் மூளைக்கு இது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். குள்ளமானவர். சிவந்த காது. ரொம்ப மரியாதை. சைலஸ் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வாசலில் வண்டி நின்றது. மூடின வண்டி. தேநீர் கொடுத்தேன். பாதி தட்டில்தான் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

அவர் படத்தின் முன்னால் போய் நின்றார். முதலில் எல்லாரும் செய்கிற மாதிரி ஒரு அடி பின்னால் வைத்தார். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"பிரமாதம் மிஸ்டர் பென்ஃபோல்ட். இதையெல்லாம் நீங்க நேர்ல பாக்கறீங்களா?"

"இல்ல ஐயா. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஒபதியா, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

சபாஷ் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் நாற்காலியைப் பார்த்துவிட்டார். "இது யாருக்கு? அழகா துடைச்சு வச்சிருக்கு."

ஒபதியா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. இதோ உடையப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் தடாலென்று நடுவில் போய் நின்றேன்.

"அது உக்கார்றதுக்கு டாக்டர். இந்தக் கரை மிருகம். எனக்கு நல்லா தெரியுது. இப்பக்கூட உக்காந்திருக்கு."

"அப்படியா அம்மா? இப்ப என்ன பண்ணுது?"

"உங்களைத்தான் பாக்குது."

"பேசுமா?"

"பேசாம? கூரை ஒழுகுதுன்னு சொன்னதே அதுதான்."

டாக்டர் சைலஸைப் பார்த்தார். சைலஸ் பெருமூச்சு விட்டான். ஒபதியா சுவரில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

"அம்மா" என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக. "எங்க வீட்டுல ஒரு தோட்டம் இருக்கு. அமைதியான இடம். நீங்க கொஞ்ச நாள் வந்து ஓய்வெடுத்துக்கிட்டா நல்லது."

"நானா?"

"உங்க கணவர்தான் சொல்லி அனுப்பினார். உங்களை நினைச்சு மனுஷர் தூங்கறதே இல்லையாம்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது என்பார்களே, எனக்கு அந்தப் பூதமே நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஒபதியாவைப் பார்த்தேன். சைலஸைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வண்டியைப் பார்த்தேன்.

"நான் எதையும் பாக்கல!" என்று கத்தினேன். "ஒரு நாளும் பாத்ததில்ல! எல்லாம் சும்மா சொன்னது. பாக்கறது இவரு..." என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் தப்பிக்க ஒரே வழி அவரை வண்டியில் ஏற்றுவது. அவர் தப்பிக்க ஒரே வழி நான் ஏறுவது. பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றேன். முழுசாகச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஒபதியா முகத்திலிருந்து கையை எடுத்தார். "நானா? நான் என்னைக்குப் பாத்தேன்?"

"என்னைக்கா? மிருகம் உக்கார மாட்டேங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க! கல்யாணமான புதுசுல! முடியைப் பிச்சுக்கிட்டு!"

"அடிப்பாவி... அது தகட்டுல உக்காரலன்னு சொன்னேன். படம் தகட்டுல சரியா அமையலன்னா நாங்க அப்படித்தான் சொல்லுவோம். லண்டன்ல இருக்கற அத்தனை செதுக்கறவனும் அப்படித்தான் சொல்லுவான்!"

"தகட்டுலயா?"

"பின்ன நாற்காலியிலயா? நீதான் நாற்காலியைக் கொண்டாந்து போட்டே! நீதான் வாங்க ஐயான்னே! நான் என்ன நினைப்பேன்? எனக்குத்தான் ஒண்ணும் தெரியல, என் பொண்டாட்டிக்குத் தெரியுது, கடவுள் குடுத்த வரம்னு நினைச்சேன். நீ சொன்னதைத்தானே இத்தனை வருஷமா வரைஞ்சேன்!"

"வேலியில தேவதையைப் பாத்தது?"

"அது பக்கத்து வீட்டு மிஸஸ் கிரப்போட உள்பாவாடைடி! காயப் போட்டிருந்தாங்க. எனக்கு அப்ப நாலு வயசு!"

சைலஸ் சிரிக்கக் கூடாது என்று தொப்பியால் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் முடியாமல் சிரித்தான். ஒபதியாவும் அழுகையோடு சிரித்தார். நீ மிருகத்தைப் பாத்த வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தேன், ஆனா அது கூரையைப் பத்தி உத்தரவு போட ஆரம்பிச்சதும்தான் பயந்துட்டேன் என்றார். கஞ்சி குடிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். தொப்பி? என்றார். நான் கூரையைப் பார்த்தேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சரியாக இல்லை. என்னவென்று பிடிபடவில்லை.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்குத் தலை எது வால் எது என்று புரியவில்லை.

"மன்னிக்கணும். நீங்களும் பாக்கல. அவங்களும் பாக்கல."

"இல்ல" என்றோம் இரண்டு பேரும்.

"அப்ப இதைப் பாத்தது யாரு?"

எல்லாரும் படத்தைத்தான் பார்த்தோம். பேச்சு எங்கேயாவது திரும்பட்டும் என்று ஒபதியா, "கொஞ்சம்தான் பாக்கி ஐயா. கடல் மிருகத்துக்குக் கண்ணு வைக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

"வச்சுடுங்களேன்" என்றார் டாக்டர். தொப்பியை எடுத்தவர் மறுபடி மேசைமேல் வைத்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் வண்டி இன்னும் வாசலில் நின்றது. கையெழுத்துப் போடாத காகிதம் இன்னும் அவர் மேலங்கிக்குள் இருந்தது.

ஒபதியா தூரிகையை எடுத்தார். பழக்க தோஷம், என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு எப்படி டார்கஸ்? எங்க பாக்குது?"

நான் பழக்கத்தில் கண்ணை மூடினேன்.

அது இருந்தது. அப்பா கடைத் தொட்டியில் விலாங்கு சுருண்டு கிடக்கிற மாதிரி தண்ணீருக்குள் சுருண்டு கிடந்தது. இமை இல்லாத கண். சாம்பல் நிறமும் இல்லை, பச்சையும் இல்லை. அந்த நிறத்துக்குப் பெயர் தெரியாவிட்டாலும் எந்தக் கிண்ணத்திலிருந்து எதை எடுத்து எதோடு குழைக்க வேண்டும் என்று என்னால் ஒபதியாவுக்குச் சொல்ல முடியும். அது கரையைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. ஒரு நாளும் பாத்ததில்ல என்று நான் கத்தினதைக் கேட்டிருந்தது. அதற்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இத்தனை காலமும் நான் சொன்னதெல்லாம் வாய்க்கு வந்ததா, கண்ணுக்கு வந்ததா? மூடின கண்ணுக்குள் யோசித்தேன். தெரியவில்லை. முதல் நாளே பாதிரியார் மாதிரி என்று எங்கிருந்து சொன்னேன்? அதுவும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மெழுகுவர்த்திக்காரர் மனைவியின் மொட்டைத் தலைதான் ஞாபகம் வந்தது.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "நீங்கதானே வரையறவர். நீங்களே வைங்க."

ஒபதியா தூரிகையைத் தோய்த்து, தனக்குத் தெரிந்த ஒரு கண்ணை வைத்தார். பெரிய, ஈரமான, நல்ல மனசுள்ள மாட்டுக் கண். எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருகிறவளின் மாட்டுக்கு அச்சு அசலாக அதே கண்தான். டாக்டர் லேத்தம் பக்கத்தில் போய்ப் பார்த்து, "சாந்தமா இருக்கு" என்றார். அப்புறம் காகிதத்தைத் தொடாமலேயே விடைபெற்றுக்கொண்டார். சைலஸ் வாசல் வரை போனான். வண்டி ஆளில்லாமல் பாலத்துப் பக்கம் திரும்பியது.

"சரியா இருக்கா?" என்று ஒபதியா கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

அந்தப் படம் நல்ல வீட்டில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் கண்ணைத்தான் புகழ்கிறார்களாம். ஒபதியா இப்போது விதைக் கடைக்காரர்களுக்கு முட்டைக்கோஸ், டர்னிப் கிழங்குப் படமெல்லாம் தகட்டில் வெட்டிக் கொடுக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். சில நாள் மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "உக்கார மாட்டேங்குது" என்பார். சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பார். தகட்டைத்தான் சொல்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு.

பொய் என்று நினைத்து நான் அவருக்குச் சொன்னதெல்லாம் பொய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ‘எனக்கென்ன தெரியும்’ என்று சொன்னேனே, அது பொய். அது மட்டும் தெரியும்.